தீனி வச்சது யாரு?

ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிற வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. எல்லாரும் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இப்போதுதான் வேலைக்கு வந்த பிள்ளைகள். தினமும் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்வார்கள். நான் பதில் போட மாட்டேன். அதற்காக அவர்களும் நிறுத்த மாட்டார்கள். போன வாரம் அதில் ரேவதி என்கிற பெண் கேட்டிருந்தாள்: "மேடம், ஒருத்தர் பால் பைத்தான்னு ஒரு வெளிநாட்டு மலைப்பாம்பு வளர்க்கிறார். ஃப்ரீசர்ல வச்ச செத்த எலியைத் தொடவே மாட்டேங்குதாம். நீங்க வேங்கிக்கால்ல ஒரு கேஸ் பார்த்தீங்களாமே. என்ன செய்யணும்னு நாலு வரியில போடுங்களேன்."

நாலு வரியாம். அந்தப் பாம்பு என்னை என்ன பாடு படுத்தியது என்று எனக்குத்தான் தெரியும். நாலு வரியில் சொல்லி முடிக்க அது என்ன பூச்சி மருந்தா? உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமை இருந்தால் படியுங்கள், இல்லையென்றால் ஆளை விடுங்கள்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையில் படித்தேன், விடுதிச் சாம்பாரைச் சாப்பிட்டும் உயிரோடு வெளியே வந்தேன். பாம்பைப் பற்றி எங்களுக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தது ஒரே விஷயம்தான்: மாட்டைப் பாம்பு கடித்தால் மாட்டை எப்படிக் காப்பாற்றுவது. பாம்பையே தூக்கிக்கொண்டு ஒருவன் வந்து, "இதுக்கு உடம்பு சரியில்ல மேடம்" என்று நிற்பான் என எங்கள் பேராசிரியர்கள் யாரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

முதல் வேலை கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகம். எனக்கு மேலே இருந்தவர் தணிகாசலம் சார். ஒல்லியான மனிதர், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. அவருக்குக் கோபமே வராது. அதனாலேயே எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வரும். ஒரு வீட்டுக்குப் போனால் வண்டியை விட்டு இறங்கும்போதே நான் பையைத் திறந்துவிடுவேன். "அத மூடுங்க டாக்டர்" என்பார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகை வாசலில் நிற்பார். மாட்டைப் பார்ப்பார், தொட்டியைப் பார்ப்பார், சாணியைப் பார்ப்பார், வீட்டுக்காரர் முகத்தையும் பார்ப்பார். அந்த வீட்டு அம்மா டீ போட்டுக் கொண்டுவந்து, அது ஆறி ஆடை கட்டிவிடும். அதுவரைக்கும் மாட்டின் மேல் கை வைக்க மாட்டார். அப்புறம் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டுக் கேட்பார்.

"கடைசியா எப்ப தின்னுச்சு? யாரு வச்சா? எதுல வச்சா?"

காய்ச்சல் என்று கூப்பிட்டாலும் இதே கேள்விதான், கால் நொண்டுகிறது என்று கூப்பிட்டாலும் இதே கேள்விதான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "சார், கொம்பு ஒடைஞ்ச மாட்டுக்குத் தீனிய எதுல வச்சான்னு தெரிஞ்சு இன்னா ஆகப்போவுது?"

"டிரம்முல வச்சிருப்பான். உள்ள தலைய விட்டுட்டு எடுக்கத் தெரியாம முட்டியிருக்கும்" என்றார். போய்ப் பார்த்தால் கொட்டகை ஓரத்தில் வாய் நெளிந்த ஒரு இரும்பு டிரம் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

இன்னொரு வீட்டில் நல்ல கறவை மாடு ஒன்று தீனியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறு சரியாக இருந்தது, காய்ச்சல் இல்லை, பல்லில் குறை இல்லை. எனக்குத் தெரிந்த வியாதியெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். சார் வழக்கம்போல, "யாரு வச்சா?" என்றார். நெட்டையான, மீசை முறுக்கிய அந்த விவசாயி, "நான்தாங்க வக்கிறேன்" என்றார். "எப்பத்தில இருந்து?" என்று சார் விடாமல் கேட்டார். மகள் பிரசவத்துக்காக மனைவி வேலூர் போன நாளிலிருந்து என்று அப்போதுதான் வெளியே வந்தது. சார் அலட்டிக்கொள்ளவே இல்லை. "உங்க வீட்டம்மா கட்டி அவுத்துப் போட்ட சேலை ஒண்ணு எடுத்துத் தோள்ல போட்டுக்குங்க. அப்புறம் வைங்க" என்றார். அந்த மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வேலிக்கு அந்தப் பக்கம் நாலு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, பூப்போட்ட நைலக்ஸ் சேலையைப் போர்த்திக்கொண்டு அவர் தவிட்டுத் தண்ணீரை நீட்டினார். மாடு குடித்தது. எங்களுக்கு ஆறாத டீ ஒன்று கிடைத்தது.

அப்புறம் ஊர் ஊராக மாற்றல். கடைசியில் திருவண்ணாமலை டவுனுக்கு வந்து சேர்ந்தேன். இங்கே நோயாளிகளே வேறு மாதிரி. கிரிவலப் பாதை ஓரத்தில் வீடு எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா, தெருநாய் ஒன்றைத் தூக்கி வளர்த்தார். அவரைப் போலவே அதற்கும் கீரையும் பருப்பும்தான். "இது சாப்பிடுறதே இல்ல டாக்டர், ஆனா குண்டாயிக்கிட்டே போகுது. தியானத்தால இருக்குமா?" என்று நிஜமாகவே கேட்டார். நான் சாரை நினைத்துக்கொண்டு, வேறு யாராவது தீனி வைக்கிறார்களா என்று தெருமுனை வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தேன். பரோட்டா கடைக்காரர், "நம்ம வெள்ளையனா? டெய்லி நல்லி எலும்பு சாப்பிட வந்துடுவான்மா" என்றார். அந்த அம்மாவிடம் தியானம்தான் காரணம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லா உண்மையையும் எல்லாருக்கும் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்ன?

சரி, பாம்புக்கு வருகிறேன்.

ஓய்வு பெறச் சில மாதங்கள் இருக்கும்போது சரவணன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். முப்பது வயது இருக்கும், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெங்களூரில் இருந்தவன், இப்போது வேங்கிக்காலில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறான். கையில் வாய் கட்டிய தலையணை உறை ஒன்று இருந்தது. எங்கள் உதவியாளர் முருகேசன் அதை வாங்கி மேஜை மேல் வைத்து, "பூனைக்குட்டியாப்பா?" என்று கேட்டுக்கொண்டே முடிச்சை அவிழ்த்தார். எட்டிப் பார்த்தார். அப்படியே வெளியே போய்விட்டார். சாயந்திரம் வரைக்கும் அந்த அறைப் பக்கமே வரவில்லை.

உள்ளே தலையை நடுவில் ஒளித்து, உருண்டையாகச் சுருண்டு கிடந்தது பாம்பு. காப்பிக்கொட்டை நிறம், மேலே பொன்னிறத் திட்டு. ஆப்பிரிக்காப் பக்கத்து ஜாதி, விஷம் கிடையாது. முறையாகப் பதிவு செய்த சீட்டும் வைத்திருந்தான். நம் ஊர்ப் பாம்பாக இருந்திருந்தால் அந்த நிமிஷமே வனத்துறைக்குப் போன் போட்டிருப்பேன். பெயர் என்ன என்றேன். "லட்டு" என்றான். உருண்டையாக இருந்ததால் வைத்த பெயராம்.

லட்டுவின் முதுகில் ஆழமான காயம். சரவணன் உயிரோடு ஒரு எலியை உள்ளே விட்டிருக்கிறான். எப்போதும் சட்டென்று பிடித்துவிடுகிற பாம்பு அன்றைக்கு ஏனோ சும்மா கிடந்திருக்கிறது. எலிக்கு உயிர்ப்பயம், கடித்துக் குதறிவிட்டது. எனக்கு வந்ததே கோபம். "ஓடி ஒளிய எடமில்லாத கண்ணாடிப் பொட்டிக்குள்ள ரெண்டையும் விட்டுட்டு நீ வேடிக்கை பார்த்தியா?" என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். புண்ணைச் சுத்தம் செய்து மருந்து போட்டேன். "இனிமே உயிர் எலிங்கிற பேச்சே கூடாது. ஐஸ்ல வச்ச செத்த எலியத்தான் குடுக்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"சாப்பிடுமா மேடம்?"

"பழக்குனா சாப்பிடும். அது இன்னா, பெரிய மகாராணியா?"

மகாராணிதான். காயம் அழகாக ஆறியது. தீனியை மட்டும் தொடவில்லை. இந்த ஜாதி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், அதனால் செத்துவிடாது என்று புத்தகம் சொன்னது. மிருகக்காட்சி சாலையில் வேலை பார்த்த என் தோழியும் அதையேதான் சொன்னாள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எடை குறைந்துகொண்டே வந்தது. முதுகெலும்பு மேலே தெரிய ஆரம்பித்தது. உயிர் எலி வேண்டாம் என்று சொன்னவள் நான். இது செத்துப்போனால் அந்தப் பழி யார் தலையில் விழும்? பாம்போடு சேர்ந்து சரவணனும் இளைத்துக்கொண்டே வந்தான். பாம்பைத் தராசில் போட்டேன், அவனைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

கலெக்டர் ஆபீஸில் எனக்கு அடிக்கடி கூட்டம் இருக்கும். ஒரு கூட்டம் முடிந்த கையோடு பக்கத்துப் புதுக் குடியிருப்பில் இருந்த அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அவன் அம்மா மல்லிகாம்மா. கணவர் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க, இவர் மகனுக்குச் சமைத்துப் போட வந்து இங்கே தங்கியிருக்கிறார். வந்ததும் வராததுமாக என் கையில் காபியைக் கொடுத்துவிட்டு வழக்கை ஆரம்பித்தார்.

"பாருங்க டாக்டரம்மா, புள்ளையார் வாகனத்தப் போயி ஐஸ்பொட்டியில வச்சிருக்கான். மெட்ராஸ்ல இருந்து பஸ்ல வருது. கண்டக்டர் இன்னா பார்சல்னு கேட்டா மீனுன்னு சொல்றான். ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டு வச்சிருந்தான். எங்க நாத்தனாரு வந்தவங்க ஐஸ்கிரீமுன்னு நெனச்சுத் தெறந்துட்டாங்க. அதுல இருந்து அவங்க எங்க வீட்ல பச்சத்தண்ணி கூட குடிக்கிறதில்ல."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. பாம்பு இருக்கிற பெட்டிப் பக்கம் அவர் காலே வைக்க மாட்டார் என்று சரவணன் சொன்னான். அம்மாவுக்கு இது வீட்டில் இருப்பதே பிடிக்கவில்லை, எப்போது தொலையும் என்று பார்க்கிறார் என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். கை கழுவ அடுப்படிக்குப் போனபோது மல்லிகாம்மா என் பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அது எப்ப சாப்பிடும் டாக்டரம்மா?"

"அது மேல உங்களுக்கு அவ்ளோ அக்கறையா?"

"அது கெடக்குது. அது சாப்பிடலன்னா இவனும் சாப்பிட மாட்டேங்கிறான்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நிச்சயம் பண்ண கல்யாணம் நின்னுபோச்சு. பெங்களூர்ல இருந்து வந்தப்ப செவுத்தப் பார்த்துப் படுத்தவன்தான். நான் கூப்பிட்டு எந்திரிக்கல, அவங்கப்பா கூப்பிட்டு எந்திரிக்கல. இதுக்குத் தண்ணி மாத்தணும்னுதான் எந்திரிச்சான். இப்ப இது வாயத் தொறக்காம கெடக்குதா, இவன் தட்டுல போட்ட சோத்த அப்படியே வச்சுட்டுப் போறான். இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் புள்ள மறுபடியும் படுத்துடுவான். நீங்கதான் எப்பிடியாச்சும் பண்ணணும்."

அதுவரைக்கும் எனக்கு ஒரு நோயாளிதான் இருந்தது. அடுப்படியை விட்டு வெளியே வரும்போது இரண்டாகிவிட்டது.

ரேவதி, இனி கவனமாகப் படி. நீ கேட்ட விஷயம் வருகிறது.

கண்ணாடிப் பெட்டி கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. நாலு பக்கமும் வெட்டவெளிச்சம். ஒளிய ஒரு மறைவு கிடையாது. தெருவில் போகிறவர்கள் பார்க்க ரோட்டில் இலை போட்டால் நீ சாப்பிடுவாயா? பெட்டியைச் சந்தடி இல்லாத பின்னறைக்கு மாற்றச் சொன்னேன். மூன்று பக்கம் காகிதம் ஒட்டினோம். வாய் உடைந்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்துப் பாம்புக்கு வீடாக்கினோம். ஒரு ஓரம் கதகதப்பாகவும் இன்னொரு ஓரம் கொஞ்சம் குளுமையாகவும் இருக்க வேண்டும். ஆசையாக இருக்கிறது என்று சும்மா சும்மா கையில் எடுத்துக் கொஞ்சக் கூடாது. இவன் தினமும் எலியை நீட்டித் தினமும் அதை மிரட்டிக்கொண்டிருந்தான். அதையும் நிறுத்தினேன். ஒரு தடவை மறுத்தால் வாரம் கழித்துத்தான் அடுத்த தடவை.

அடுத்தது எலி. ஃப்ரீசரிலிருந்து முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைக்க வேண்டும். நடுவில் கட்டியாக இருக்கக் கூடாது. மைக்ரோவேவ் கூடவே கூடாது, எலி வெந்துவிடும், சில சமயம் வெடித்தும்விடும். அதை யார் துடைப்பது? கொடுக்கப்போகிற நேரத்தில் எலியை ஒரு கவரில் போட்டு, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில் வெந்நீர் எடுத்து அதில் முக்கி வை. பிறகு வெளியே எடுத்து ஈரம் போகத் துடை. தலைப் பக்கம் மட்டும் ஹேர் டிரையரைக் காட்டு. பாம்புக்கு உதட்டோரத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன, அவற்றால்தான் சூட்டைக் கண்டுகொள்ளும். ஜில்லென்று கிடக்கிற எலியும் கல்லும் அதற்கு ஒன்றுதான். சரவணன் எவர்சில்வர் தட்டில் எலியை வைத்து நீட்டிக்கொண்டிருந்தான். தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நீளமான இடுக்கி ஒன்று வாங்கச் சொன்னேன். எலியின் முதுகைப் பிடித்து, உயிரோடு இருப்பது போல லேசாக அசைக்க வேண்டும். அவன் அசைத்த அசைப்பில் எலி கரகாட்டம் ஆடியது. "அது நடக்கணும்பா, ஆடக் கூடாது" என்று கையைப் பிடித்துக் காட்டினேன்.

இவ்வளவுக்கும் நல்ல நேரம் பொழுது சாயும் நேரம். அப்போதுதான் பாம்புக்கு வேட்டை உணர்வு வரும். அங்கே ஒரு சிக்கல்.

"வெளக்கு வக்கிற நேரத்துல செத்த எலியாங்க?" என்றார் மல்லிகாம்மா.

வேறு நேரம் சரிப்படாது என்றேன். "சரி, நான் வெள்ளன ஏத்திடறேன். சாமி ரூம் கதவச் சாத்திட்டுக் குடுங்க" என்று அவரே வழிவிட்டார். சாம்பிராணி போடுவதையும் அந்த நாட்களில் காலைக்கு மாற்றிக்கொண்டார்.

இத்தனையும் செய்துவிட்டு நீட்டினால் லட்டு வெளியே வந்தது. மண்சட்டியிலிருந்து தலை நீண்டது, கழுத்து வளைந்தது, நாக்கு வெளியே வந்து வந்து போனது. எலிக்கு ஒரு சாண் தூரம் வரைக்கும் வந்தது. நாக்கு நின்றது. அப்படியே பின்வாங்கிச் சட்டிக்குள் போய்விட்டது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் வாசல் வரைக்கும் வந்த விருந்தாளி செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போன கதைதான். சரவணன் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"விட்டுடலாம் மேடம். மெட்ராஸ்ல வாங்குன எடத்துலயே குடுத்துடறேன். என்கிட்ட எதுவும் தங்காது."

அதைப் பாம்புக்காக மட்டும் அவன் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. மல்லிகாம்மாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

நான் தரையில் உட்கார்ந்தேன். வாயில் கிராம்பு இல்லை, அவ்வளவுதான் குறை. எலிப் பக்கம் வரைக்கும் வருகிறது என்றால் சூடு சரி, இடம் சரி, நேரம் சரி. பக்கத்தில் வந்து நாக்கை நீட்டிய பிறகுதான் வேண்டாம் என்கிறது.

"எலிய யாரு வச்சா?" என்றேன்.

"நான்தானே மேடம் வச்சேன். நீங்க பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்தது?"

"அப்ப எனக்கு ஆபீஸ் மீட்டிங் இருக்கும். நான் வர்றதுக்குள்ள அம்மா எடுத்துக் கவர்ல போட்டு வச்சிருப்பாங்க. நான் வெந்நீர்ல போட்டு, தொடச்சுக் கொண்டாருவேன்."

எலியை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். இத்தனை வருஷ வேலையில் மோந்து பார்க்காதது எதுவும் பாக்கி இல்லை என்று நினைத்திருந்தேன், இதுவும் நடந்தது. எலி வாசனையே இல்லை. வெள்ளை எலிதான், ஆனால் திருப்பிப் பார்த்தால் அடிவயிறு முழுக்க இளம் மஞ்சள். குழம்புக்குக் கூட்டி வைத்த கோழிக்கறி வாசனை அடித்தது.

"மல்லிகாம்மா, கொஞ்சம் உள்ள வாங்க."

அந்த அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. வாசற்படியை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"இதக் கழுவுனீங்களா?"

"கழுவாம எப்பிடிங்க குடுக்கிறது?" என்றார், நான்தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்ட மாதிரி. "கவுச்சி கொடலப் பொரட்டுது. மஞ்சத்தூளு, கல்லுப்பு போட்டு நல்லா தேச்சு, மூணு தண்ணி விட்டுக் கழுவித்தான் வச்சேன். கோழி, மீனுன்னா அப்படித்தானே பண்ணுவோம்? ஐஸ்ல கெடந்தது, எங்கெங்கயோ சுத்தி வந்தது. அப்பிடியே போட்டு அதுக்கு எதனா ஆயிட்டா?"

சரவணன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "எலியத் தொட்டியாம்மா? நீயா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரியா வந்து தொடுவா?"

"வெறும் கையில?"

"மூக்கக் கட்டிக்கினு, மூஞ்சத் திருப்பிக்கினு கழுவுனேன். அப்புறம் தலைக்கு ஊத்திக்கினு வந்துதான் சமைப்பேன். இன்னாடா பண்றது? நீ சாப்பிடணுமே."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல் தரையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாம் சிரிப்பால் வந்த தண்ணீர் என்று சத்தியம் பண்ண மாட்டேன். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு விளக்கினேன். பாம்புக்கு நாக்குதான் மூக்கு. நாம் போக வேண்டும் என்று தேய்க்கிற அந்தக் கவுச்சிதான் அதற்குப் பசியைக் கிளப்புகிற தாளிப்பு. சூட்டைக் கண்டு ஆசையாக வந்த பாம்பு, நாக்கை நீட்டினால் மஞ்சளும் உப்பும் அடிக்க, இது எலியே இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறது.

மல்லிகாம்மாவுக்கு வந்ததே கோபம். "கவுச்சியோடவே குடுக்கணும்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா, டாக்டரம்மா? எவ்ளோ மஞ்சத்தூளு. எல்லாம் ஊட்டுல அரைச்சது."

நியாயம்தான். கரைந்த எலியை மறுபடி ஃப்ரீசரில் வைக்கக் கூடாது என்பதால் அதைத் தோட்டத்துச் செம்பருத்திக்கு அடியில் புதைத்தோம். கிளம்பும்போது சரவணன், இனிமேல் தானே எடுத்து வைப்பதாகச் சொன்னான். "வேணாம், அம்மாவே எடுக்கட்டும். கழுவ மட்டும் வேணாம்" என்றேன். மல்லிகாம்மா தலையை ஆட்டினார்.

அடுத்த வாரம் போனபோது விளக்கு ஏற்றி முடித்து, சாமி அறைக் கதவு சாத்தியிருந்தது. அடுப்படியில் மூக்கை முந்தானையால் சுற்றிக் கட்டிக்கொண்டு மல்லிகாம்மா வெந்நீரில் விரலை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். எலியை அவரே துடைத்து, ஹேர் டிரையரையும் காட்டிவிட்டு, கையை நீட்டி எட்ட வைத்துக்கொண்டு மகனிடம் கொடுத்தார். இடுக்கியைக்கூடத் தேய்த்து வெயிலில் காயவைத்திருந்தார். அதில் மஞ்சள் வாசனை இருக்கக் கூடாதாம்.

பின்னறையில் விளக்குப் போடவில்லை. ஜன்னல் வழியே வந்த வெளிச்சம்தான். சரவணன் எலியை மெதுவாக நடத்தினான். சட்டியிலிருந்து தலை வந்தது. நாக்கு வந்தது. அதே ஒரு சாண் தூரத்தில் நின்றது. நாக்கு மறுபடியும் வந்தது. கழுத்து ஆங்கில எழுத்து எஸ் மாதிரி மடிந்தது. பிறகு என்ன நடந்தது என்று நான் பார்க்கவே இல்லை, அவ்வளவு வேகம். இடுக்கி காலியாக இருந்தது. எலியைச் சுற்றி இறுக்கிக்கொண்டு லட்டு மறுபடியும் உருண்டையாகிவிட்டிருந்தது.

யாரும் அசையக் கூடாது என்று கையைக் காட்டினேன். எலியின் தலையைக் கண்டுபிடித்து வாயை விரிக்க அது எடுத்துக்கொண்ட நேரம் எங்களுக்குத்தான் யுகமாக இருந்தது. வால் நுனியும் உள்ளே போன பிறகு கதவுக்கு வெளியிலிருந்து கிசுகிசுவென்று குரல் வந்தது.

"சாப்ட்டுச்சா?"

"சாப்ட்டுச்சும்மா."

"அப்ப நீ வா. சோறு போட்டுட்டேன்."

சரவணன் கையைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தான். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தட்டு வைத்தார்கள். கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. அவன் தலையை நிமிர்த்தாமல், வழித்து வழித்துச் சாப்பிட்டான். தட்டு காலியானதும் நிமிர்ந்து, "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றான்.

சோற்றுக் கரண்டியை எடுத்த மல்லிகாம்மா அப்படியே நின்றார்.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."